கடன் ஒரு நாட்டில், பொறுப்பு இன்னொரு நாட்டில்: 019 ரிப்போர்ட் போடுவது எப்படி?

கோவை சரவணம்பட்டியில் மாலை ஆறு மணிக்கு ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, நியூயார்க் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. பி.காம் முடித்துவிட்டு, டேலி தெரியும் என்ற ஒரே தைரியத்தில் இந்த வேலைக்கு வந்தேன். வந்ததும் கையில் கொடுத்தது இந்த ரிப்போர்ட்டைத்தான். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த தம்பி ஒருவன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ரிப்போர்ட்டின் பெயர் எஃப்.எஃப்.ஐ.இ.சி 019. அலுவலகத்தில் வெறும் 019 என்போம். அமெரிக்காவில் கிளை வைத்திருக்கும் வெளிநாட்டு வங்கிகள், அந்தக் கிளையின் பணம் எந்தெந்த நாட்டில் எவ்வளவு சிக்கியிருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெடரல் ரிசர்வுக்கு, அதாவது அமெரிக்க மத்திய வங்கிக்கு, எழுதிக் கொடுக்கும் படிவம் இது. எஃப்.எஃப்.ஐ.இ.சி என்பது அங்குள்ள வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள் ஒரே மாதிரி விதிகளும் படிவங்களும் வைத்துக்கொள்வதற்காக 1979-ல் தொடங்கிய கூட்டுக் குழு. அமெரிக்க வங்கிகளுக்கு 009 என்று தனிப் படிவம் உண்டு. அதை இங்கே தொடப்போவதில்லை.

"கடன் வாங்கினவன் ஒழுங்காக் கட்டறானா இல்லையான்னு பாத்தாப் பத்தாதுங்களா அக்கா? அவன் எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன?" என்று அந்தத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்தச் சமயத்தில் கொழும்பில் நன்றாக வியாபாரம் நடக்கும் ஒரு கம்பெனி இருந்திருந்தால்கூட, அதன் கையில் ரூபாய் இருக்கும், அதை மாற்றி அனுப்ப டாலர் கிடைக்காது. ஆள் நல்லவன், ஊரில் டாலர் இல்லை. கடனாளியின் குணத்தைப் பார்த்து மட்டும் இந்த ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் கடனைக் கட்ட முடியவில்லை என்று கைவிரித்தபோது பெரிய பெரிய அமெரிக்க வங்கிகள் ஆடிப்போயின. அடுத்த ஆண்டே வெளிநாட்டுக் கடன்களைக் கண்காணிக்க அங்கே தனிச் சட்டம் வந்தது. நாடுவாரியாகக் கணக்குக் கேட்பதன் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதே அல்ல. பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், எந்த நாடு என்று பார்த்து இ.சி.ஜி.சி பாலிசி (பணம் வராமல் போனால் ஈடுகட்டும் ஏற்றுமதிக் காப்பீடு) எடுக்கிற ஊர் அது.

சரி, வேலைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 019 ஒவ்வொரு கடனைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கிறது. கடன் வாங்கியவர் எந்த நாட்டில் இருக்கிறார்? அவர் கட்டாவிட்டால் சட்டப்படி கட்ட வேண்டியவர் எந்த நாட்டில் இருக்கிறார்? முதல் கேள்விக்கான பதில் நேரடி பாக்கி. இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்து நகர்த்தியபின் வருவது சரிக்கட்டிய பாக்கி. இந்த ரிப்போர்ட்டில் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் இந்த நகர்த்தல் ஒன்றுதான். மற்றதெல்லாம் எக்செல் வேலை.

படி 1: நம் வங்கி போட வேண்டுமா என்று பாருங்கள்

கிளைக்கு வெளிநாட்டினரிடமிருந்து வரவேண்டிய நேரடி பாக்கி மொத்தம் 30 மில்லியன் டாலரைத் தாண்டினால் போட்டாக வேண்டும். ஒரு மில்லியன் என்றால் பத்து லட்சம். அமெரிக்கக் கிளைகளுக்கு இது பெரிய தொகையே அல்ல. ஆனாலும் எல்லைக்கு அருகில் இருக்கும் சிறிய கிளைகள் ஒவ்வொரு காலாண்டும் கூட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதக் கடைசி நாள் நிலவரம். அதிலிருந்து 45 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஜூன் 30 கணக்குக்கு ஆகஸ்ட் 14 கடைசி. சுதந்திர தின லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போடுகிறவர்கள் இதைப் பார்த்துப் போடவும்.

படி 2: பட்டியலைக் கையில் எடுங்கள்

பயிற்சிக்காக ஒரு கற்பனை. கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு வங்கிக்கு நியூயார்க்கில் கிளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி வைத்தால் சொந்த நாடு இந்தியா, வெளிநாட்டு வங்கி நாம். ஜூன் 30 அன்று கிளையின் பாக்கிப் பட்டியலில் ஒன்பது வரிகள். தொகை எல்லாம் மில்லியன் டாலரில்.

1. திருப்பூர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கடன், 12. ஐந்து வருடக் கடன், மொத்தமாகக் கட்ட இன்னும் எட்டு மாதம் பாக்கி.
2. மும்பையில் தலைமையகம் உள்ள இந்தியப் பொதுத்துறை வங்கி ஒன்றில் மூன்று மாத வைப்பு, 20.
3. இந்திய அரசுக்குச் சொந்தமான எண்ணெய்க் கம்பெனிக்கு இரண்டு வருடக் கடன், 9. கட்ட இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி.
4. டாக்காவில் உள்ள ஆடைத் தொழிற்சாலைக்குக் கடன், 10. ஹாங்காங்கில் உள்ள தாய்க் கம்பெனி முழுத் தொகைக்கும் கியாரண்டி.
5. ஒரு ஜப்பான் வங்கியின் லண்டன் கிளையில் வைப்பு, 30.
6. நியூஜெர்சியில் உள்ள துண்டு, படுக்கை விரிப்பு இறக்குமதிக் கம்பெனிக்கு ஆறு மாதக் கடன், 25. கரூரில் உள்ள தாய்க் கம்பெனி கியாரண்டி.
7. கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்குக் கடன், 8. ஈடாக அமெரிக்க அரசுப் பத்திரங்கள், நியூயார்க்கிலேயே நம் வசம்.
8. பிரேசில் அரசுப் பத்திரங்கள், 22.
9. சிங்கப்பூர் வர்த்தகக் கம்பெனிக்குக் கடன், 21. இந்தோனேசியாவில் உள்ள தாய்க் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது.

நிஜத்தில் ஒன்பது வரி இருக்காது, ஒன்பதாயிரம் இருக்கும். ஆனால் எந்த வரியை எடுத்தாலும் இந்த ஒன்பதில் ஏதோ ஒன்றின் சாயல்தான்.

இன்னொன்று. கோவைத் தலைமை அலுவலகத்திடமிருந்தோ, நம் வங்கியின் வேறு நாட்டுக் கிளைகளிடமிருந்தோ நியூயார்க் கிளைக்கு வரவேண்டியது இருந்தால் அதை இந்தப் பட்டியலில் கலக்காதீர்கள். படிவத்தில் உறவுள்ள அலுவலகங்களுக்குத் தனி இடம் இருக்கிறது. சொந்த வீட்டுக் கொடுக்கல் வாங்கலும் வெளியாள் கடனும் ஒரே நோட்டில் எழுதக் கூடாது, அவ்வளவுதான். கீழே வரும் கூட்டல் எல்லாம் வெளியாட்களுடையது.

படி 3: நேரடி பாக்கியை நாடுவாரியாகப் போடுங்கள்

கடன் வாங்கியவர் எங்கே வசிக்கிறாரோ, கம்பெனி எங்கே அமைந்திருக்கிறதோ, அந்த நாடு. பாஸ்போர்ட் எந்த நாடு என்பது பேச்சே இல்லை. இருபது வருடமாகத் துபாயில் குடியிருக்கும் பெருந்துறைக்காரர் இந்த ரிப்போர்ட்டில் அமீரகத்துக்காரர். சிஸ்டத்தில் வசிக்கும் நாடு, குடியுரிமை நாடு, கடிதம் அனுப்பும் முகவரி நாடு என்று மூன்று கட்டம் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதை எடுத்துவிடுவார்கள். எந்தக் கட்டத்தை இழுக்கிறோம் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பட்டியலில் இந்தியா 41 (12, 20, 9). பிரிட்டன் 30. பிரேசில் 22. சிங்கப்பூர் 21. வங்கதேசம் 10. இலங்கை 8. மொத்தம் 132. முப்பதைத் தாண்டியாயிற்று, ரிப்போர்ட் போட்டே ஆக வேண்டும்.

ஐந்தாவது வரியை ஜப்பானில் போடாமல் பிரிட்டனில் போட்டதைக் கவனித்தீர்களா? பணம் இருப்பது லண்டன் கிளையில். முதல் கேள்விக்கு அதுதான் பதில். ஆறாவது வரியை எங்குமே போடவில்லை. நியூஜெர்சி கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது, அமெரிக்கக் கிளைக்கு அது உள்நாட்டுக் கடன்.

"அப்ப அந்த வரிய டெலீட் பண்ணிர்லாங்களா?" என்று தம்பி மௌஸில் கை வைத்தான். கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். வெளிநாட்டுக்காரர்களை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால், உள்நாட்டுக் கடனாக நடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு ஆபத்து முதலிலேயே காணாமல் போய்விடும். பிறகு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

படி 4: பொறுப்பை நகர்த்துங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காருங்கள்.

ஊரில் புரோநோட்டில் ஜாமீன் கையெழுத்து போட்டவரைத் தெரியும் அல்லவா? கடன் வாங்கியவன் தலைமறைவானால் பணம் கொடுத்தவர் நேராக ஜாமீன்தாரர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். 019 செய்வதும் அதையேதான். கியாரண்டி கொடுத்தவர் வேறு நாட்டில் இருந்தால் பாக்கியைக் கடனாளியின் நாட்டிலிருந்து கழித்து, கியாரண்டி கொடுத்தவரின் நாட்டில் கூட்ட வேண்டும்.

டாக்கா தொழிற்சாலையின் 10 அப்படியே ஹாங்காங்குக்குப் போகிறது. வங்கதேசம் பூஜ்ஜியம். கியாரண்டி அறுபது சதவீதத்துக்கு மட்டும் என்றிருந்தால் 6 மட்டும் போகும், 4 டாக்காவிலேயே நிற்கும்.

நியூஜெர்சியின் 25 கரூருக்கு, அதாவது இந்தியாவுக்கு வருகிறது. நேரடிக் கணக்கில் இல்லாத தொகை இப்போது உள்ளே நுழைகிறது. அந்த வரியை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது புரியும்.

வங்கிக் கிளைகளுக்குக் கியாரண்டிப் பத்திரமே தேவையில்லை. கிளை என்பது தனி ஆள் அல்ல, தலைமையகத்தின் ஒரு கை. அதனால் லண்டன் கிளையில் வைத்த 30 அந்த வங்கியின் தலைமையகம் இருக்கும் ஜப்பானுக்குப் போய்விடும். அதுவே லண்டனில் பதிவான துணை நிறுவனமாக இருந்தால் கதை வேறு. துணை நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். தாய் வங்கி எழுத்தில் கியாரண்டி கொடுத்திருந்தால் மட்டுமே நகரும். பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆகவே கிளையா, துணை நிறுவனமா என்று பதிவு விவரத்தைத் திறந்து பார்க்காமல் நகர்த்த வேண்டாம்.

கொழும்பு ஹோட்டலுக்கு ஜாமீன் ஆள் இல்லை, அடமானம் இருக்கிறது. எல்லா அடமானமும் இந்தக் கணக்கில் ஏறாது. உடனே விற்றுக் காசாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அது கடனாளியின் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், வெளியிலேயே விற்கவும் முடிய வேண்டும். அமெரிக்க அரசுப் பத்திரம் நியூயார்க்கில் நம் கையில் இருந்தால் இவை எல்லாம் பொருந்துகின்றன. ஆகவே 8 இலங்கையை விட்டு அமெரிக்காவுக்கு வந்துவிடுகிறது, வெளிநாட்டுக் கணக்கிலிருந்தே மறைகிறது. அதே ஹோட்டல் தன் கட்டடத்தை அடமானம் வைத்திருந்தால்? கட்டடம் கொழும்பில்தான் நிற்கிறது. ஒரு பைசா நகராது.

கடைசியாகச் சிங்கப்பூர். எனக்கு ஒரு பழைய காயம் உண்டு, அதைச் சொன்னால் இது விளங்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இதே மாதிரி ஒரு வரி. கோப்பில் தாய்க் கம்பெனியின் லெட்டர்ஹெட், கீழே பெரிய கையெழுத்து, வட்டமான சீல். பார்த்ததும் கியாரண்டி என்று முடிவு செய்து தொகையைத் தாய்க் கம்பெனியின் நாட்டுக்கு மாற்றிவிட்டேன். அனுப்புவதற்கு முந்தைய நாள் மாலை ஆறரை மணிக்கு நியூயார்க்கிலிருந்து போன். அங்கே காலை ஒன்பது. சரிபார்க்கும் அம்மையார் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் கடிதத்தின் இரண்டாவது பத்தியைச் சத்தமாகப் படியுங்கள்" என்றார். படித்தேன். எங்கள் துணை நிறுவனம் வாங்கும் இந்தக் கடனைப் பற்றி நாங்கள் அறிவோம், அது தன் கடமைகளை நிறைவேற்றும் நிலையில் இருக்க ஆதரவு தருவது எங்கள் உத்தேசம் என்ற பொருளில் இருந்தது. "இதில் நாங்கள் கட்டுவோம் என்று எங்கே இருக்கிறது?" எங்குமே இல்லை. அன்று நாலு மொத்தங்களைத் திருப்பிப் போட்டு முடிக்கும்போது கீழே காளான் கடைக்காரர் தள்ளுவண்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கம்ஃபர்ட் லெட்டர் என்று சொல்வார்கள். நிச்சய வீட்டுப் பந்தியில் மாமா ஒருத்தர், "நாங்க இருக்கறமில்லீங்க, பாத்துக்கலாம்" என்பாரே, அந்த ரகம். மனசுக்குத் தெம்பு, கோர்ட்டில் செல்லாது. கடனாளி தவறினால் நான் கட்டுகிறேன் என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் எழுத்து இருந்தால்தான் கியாரண்டி. அறிந்திருக்கிறோம், உத்தேசித்திருக்கிறோம், முயல்வோம் என்ற வினைச்சொற்கள் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஆகவே 21 சிங்கப்பூரிலேயே நிற்கிறது.

கோபித் தம்பி இதற்கு நேர்மாறான பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டான். அவன் அப்பா திருப்பூர்க் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கில் தைத்துக் கொடுக்கிறவர். "ஸ்பெயின் பையர் பணம் அனுப்பினாத்தான் ஏற்றுமதிக்காரருக்கு வரும், அவருக்கு வந்தாத்தான் எங்கப்பாவுக்கு வரும். அப்படிப் பாத்தா முதல் வரியில இருக்கற திருப்பூர்க் கடன் ஸ்பெயினுக்குத்தானுங்களே போகோணும்?" வீட்டில் சம்பளத் தேதிக்காகக் காத்திருந்து பார்த்தவன் கேட்கும் கேள்வி. பொருளாதாரமாகப் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் ஸ்பெயின் பையர் நம் வங்கிக்கு எந்தக் கையெழுத்தும் போடவில்லை. திருப்பூர்க் கம்பெனி கட்டாவிட்டால் நாம் அவரைப் போய்க் கேட்க முடியாது. காசு எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து நகர்த்தக் கூடாது, யாரைப் பிடித்துக் கேட்கலாம் என்பதை வைத்துத்தான் நகர்த்த வேண்டும். 12 இந்தியாவிலேயே இருக்கும்.

என்னைக் கேட்டால் இது படிவத்தின் ஒரு குறைதான். ஐரோப்பாவில் விற்பனை படுத்தால் திருப்பூர்க் கடன் ஆட்டம் காண்பது இந்த எண்களில் தெரியவே தெரியாது. ஆனால் படிவம் போடும் இடத்தில் நம் கருத்துக்கு வேலை இல்லை.

படி 5: கூட்டி, நாடுகளைத் தேர்ந்தெடுங்கள்

நகர்த்தியபின்: இந்தியா 66 (41-உடன் கரூரின் 25). ஜப்பான் 30. பிரேசில் 22. சிங்கப்பூர் 21. ஹாங்காங் 10. பிரிட்டன், வங்கதேசம், இலங்கை மூன்றும் பூஜ்ஜியம். மொத்தம் 149.

உடனே ஒரு சோதனை. நேரடி 132, அதில் உள்ளே வந்தது 25, வெளியே போனது 8. 132 கூட்டல் 25 கழித்தல் 8, 149. ஒத்துப்போகிறது. நாடு விட்டு நாடு போன மற்ற தொகைகள் ஒன்றில் கழிந்து இன்னொன்றில் கூடுவதால் மொத்தத்தைத் தொடாது. இந்த ஒற்றை வரிச் சோதனை இடிக்கிறது என்றால் எங்கோ ஒரு பக்கம் மட்டும் நகர்த்தியிருக்கிறீர்கள். பத்தில் எட்டு முறை கழித்துவிட்டுக் கூட்ட மறந்திருப்பீர்கள்.

எல்லா நாட்டையும் 019-ல் எழுத வேண்டியதில்லை. சொந்த நாடு, அதன் பிறகு சரிக்கட்டிய பாக்கி அதிகமாக உள்ள ஐந்து நாடுகள். அந்த ஐந்தும் குறைந்தது 20 மில்லியன் இருந்தால்தான். நமக்கு இந்தியா, ஜப்பான், பிரேசில், சிங்கப்பூர் வருகின்றன. ஹாங்காங் 10-தான், வேண்டாம். ஐந்து இடம் இருக்கிறதே என்று நிரப்பத் தேவையில்லை.

நேரடி பாக்கியை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் பிரிட்டன் உள்ளே வந்திருக்கும், ஜப்பான் கண்ணிலேயே பட்டிருக்காது. கடிதத்தை நம்பி நகர்த்தியிருந்தால் சிங்கப்பூருக்குப் பதில் இந்தோனேசியா ஏறியிருக்கும். அந்த அம்மையார் ஏன் போன் செய்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொகையில் தப்பு என்றால் ஒரு எண் மாறும். நகர்த்தலில் தப்பு என்றால் நாடே மாறிவிடும்.

படி 6: யார், எவ்வளவு காலம்

தேர்ந்தெடுத்த நாடுகளின் பாக்கியை இன்னும் இரண்டு விதமாகப் பிரிக்க வேண்டும். முதலில், கட்ட வேண்டியவர் வங்கியா, அரசுத் துறையா, மற்றவரா. இந்தியப் பொதுத்துறை வங்கி அரசுடையதுதான், ஆனால் வணிக வங்கி வேலை செய்வதால் அது வங்கி வரிசையில் போகும். அரசு எண்ணெய்க் கம்பெனி அரசுத் துறை. ரிசர்வ் வங்கியும் அரசுத் துறைதான், பெயரில் வங்கி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நகர்ந்து வந்த தொகைக்குக் கியாரண்டி கொடுத்தவரின் வகையைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் 66 இப்படிப் பிரிகிறது: வங்கி 20, அரசுத் துறை 9, மற்றவர் 37 (திருப்பூரின் 12, கரூரின் 25).

அடுத்தது காலம். இன்னும் எத்தனை நாள் பாக்கி என்பதுதான் கணக்கு, முதலில் எத்தனை வருடத்துக்குக் கொடுத்தோம் என்பது அல்ல. திருப்பூர்க் கடன் ஐந்து வருடக் கடனாக இருந்தாலும் எட்டு மாதமே மிச்சம், அதனால் ஒரு வருடத்துக்குள். இந்தியாவுக்கு ஒரு வருடத்துக்குள் 57, அதற்கு மேல் 9.

கொடுப்பதாக ஒப்புக்கொண்டு இன்னும் கொடுக்காத தொகைகள் தனி இடம். திருப்பூர்க் கம்பெனிக்கு இன்னும் 5 மில்லியன் எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் பின்வாங்க முடியாத ஒப்பந்தம் போட்டிருந்தால் அது 66-ல் சேராது, ஒப்பந்தக் கடமைகளின் கீழ் வரும். நாம் உறுதியளித்த எல்.சி-களும் (வாங்குகிறவர் சார்பில் வங்கி கொடுக்கும் பண உறுதிக் கடிதங்கள்) அந்தப் பக்கம்தான்.

படி 7: ஒத்துப் பார்த்து அனுப்புங்கள்

இதே கிளை எஃப்.எஃப்.ஐ.இ.சி 002 என்ற சொத்து, பொறுப்பு அறிக்கையையும் காலாண்டுதோறும் கொடுக்கிறது. 019-க்கு முன்னாலேயே அது போய்விடும். அதில் வெளிநாட்டினர் பாக்கி என்று காட்டியதும் 019-க்கான உங்கள் நேரடி மொத்தமும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் கேள்வி வரும். கேள்வி வரும் முன் பதிலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. போன காலாண்டோடும் ஒப்பிடுங்கள். ஒரு நாடு புதிதாக உள்ளே வந்தாலோ, இருந்தது காணாமல் போனாலோ காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

நகர்த்திய ஒவ்வொரு தொகைக்கும் நான் எக்செல்லில் ஒரு கடைசிக் கட்டம் வைத்திருக்கிறேன். எந்தப் பத்திரம், எந்தப் பக்கம், எந்த வாக்கியம் என்று அதில் எழுதிவிடுவேன். "தாய்க் கம்பெனி கியாரண்டி உள்ளது" என்று மட்டும் எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். வாக்கியத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் வாக்கியத்தைப் படித்தாக வேண்டும் அல்லவா.

அனுப்புவது ஃபெடரல் ரிசர்வின் ரிப்போர்ட்டிங் சென்ட்ரல் என்ற தளம் வழியாக. பொத்தானை அமுக்குவது நியூயார்க் பக்கம். தனித்தனி வங்கியின் 019 விவரம் ரகசியம், வெளியிட மாட்டார்கள். அதனால் கோப்பை வாட்ஸப்பில் அனுப்பிச் சந்தேகம் கேட்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். படிவத்தின் அறிவுறுத்தல்கள் அவ்வப்போது மாறும். அந்தந்தக் காலாண்டுக்கு உரியதை எஃப்.எஃப்.ஐ.இ.சி தளத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

போன வாரம் தம்பி தனியாகப் போட்ட முதல் பயிற்சித் தாளைக் கொண்டுவந்து காட்டினான். கூட்டல் எல்லாம் சரி. கடைசிக் கட்டத்தில் ஒரு வரியில் மட்டும், "அக்கா, இந்தப் பத்திரத்தில் கட்டுவோம் என்றும் இருக்கிறது, முயல்வோம் என்றும் இருக்கிறது" என்று எழுதியிருந்தான். வாங்கிப் படித்தேன். உண்மையிலேயே இரண்டும் இருந்தது. நகர்த்தாமல் வைத்துவிட்டு, ஆறரை மணிக்கு நானே நியூயார்க்குக்குப் போன் போட்டேன்.